ஒரு கவலைத் தண்ணீர்

கொங்குநாட்டுக் குடியானவர்கள் தங்கள் பூமியைப் பற்றிப் பேசும்போது காடு, வயல், தோட்டம் என்னும் மூன்று சொற்களையே பெரும்பாலும் கையாளுகிறார்கள். வெளியூர்க்காரர் கேட்டால் மூன்றிலும் ஏமாந்துபோவார். காடு என்பது மரமடர்ந்த வனமன்று. வானத்தை நம்பிச் சோளமும் கம்பும் கொள்ளும் விதைக்கிற மானாவாரி நிலத்துக்கே அங்கே அந்தப் பெயர். வயல் என்பது பவானியிலிருந்து பிரியும் காலிங்கராயன் வாய்க்காலைப் போன்ற ஆற்றுக்கால்களின் தயவில் நெல் விளையும் நன்செய். தோட்டம் என்பதோ பூச்செடியும் நிழல்மரமும் வைத்துப் போற்றுகிற உத்தியானமன்று. கிணற்று நீர் எட்டுகிற மட்டும் உள்ள நிலம் தோட்டம், அதற்கு ஒரு முழம் அப்பால் அதே செம்மண் காடாகிவிடும். செடியை வைத்துப் பிறந்த பெயரன்று அது, தண்ணீரை வைத்துப் பிறந்த பெயர். சர்க்கார் கணக்குகளிலும் ‘தோட்டக்கால்’ என்று தனி இனமாகவே அது எழுதப்பட்டு வந்திருக்கிறது.

மழைக்காலத்தில் இந்த வித்தியாசம் அவ்வளவாகக் கண்ணுக்குப் படுவதில்லை. ஐப்பசியில் நாலு மழை ஒழுங்காகப் பெய்துவிட்டால் காடும் பச்சை, தோட்டமும் பச்சை. மாசி பிறந்து, அறுத்த சோளத்தட்டு போராக ஏறி, காட்டு மண் வெறுமையாய் வெடித்துக் கிடந்து, வேலியோரத்துக் கிளுவையும் இலை உதிர்த்து நிற்கும்போதுதான், கிணற்றைச் சுற்றி மாத்திரம் பச்சைத் துண்டு ஒன்றை விரித்தாற்போலத் தோட்டம் தனித்துத் தெரியும். மேற்கு மலைத்தொடரின் மறைவில் அமைந்த பிரதேசமாகையால் கோயமுத்தூரைச் சுற்றி வருஷம் முழுவதும் பெய்கிற மழையே 25 அங்குலத்தை ஒட்டித்தான் நிற்கிறது. ஆகவே மாசிக்கும் ஆடிக்கும் இடைப்பட்ட மாதங்களில் ஒரு சம்சாரியின் வீட்டில் பச்சைக் காய் குழம்பில் விழ வேண்டுமானால், அது பூமிக்கு அடியிலிருந்து மாட்டின் பலத்தால் தூக்கிய நீரில் விளைந்ததாகத்தான் இருக்க முடியும். அந்தக் கோடைக் காய்கறி வெள்ளாமையின் பூர்வ கதையையே நான் இங்கே சொல்லப் புகுந்தேன். பருத்திக்கும் புகையிலைக்கும் கிடைத்த சரித்திர கௌரவம் கத்தரிக்கும் கொத்தவரைக்கும் கிடைத்ததில்லை. வரியும் வியாபாரமும் எங்கே இருந்தனவோ அங்கேதான் எழுதுகிறவர்களின் பேனாவும் போயிற்று.

தண்ணீர் தூக்கிய கருவிக்குக் கொங்குநாட்டில் கவலை என்று பெயர். பாண்டிநாட்டில் அதையே கமலை என்பார்கள். அகராதிகள் கபிலை என்றும் குறிக்கின்றன. (மனக்கவலையோடு இதைச் சேர்த்துச் சிலேடை செய்யாத கொங்குக் கிழவர் ஒருவரையும் நான் கண்டதில்லை, ஆகையால் அந்தக் காரியத்தை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன்.) எங்கள் அப்புச்சியின் (அம்மாவைப் பெற்ற தாத்தாவின்) தோட்டத்தில் அது ஓடி ஓய்ந்த கடைசிக் காலத்தை நான் சிறுவயதில் கண்டிருக்கிறேன். கிணற்றின் விளிம்பில் இரண்டு கருங்கல் கால்கள். அவற்றின் உச்சியில் பெரிய மர உருளை ஒன்றும், கீழே நீர் கொட்டும் கல்தொட்டியின் வாயருகே சிறிய உருளை ஒன்றும் பூட்டியிருக்கும். மேல் உருளையின்மீது ஓடும் கனத்த வடத்தின் முனையில் சால் தொங்கும். சாலின் அடியில் யானையின் துதிக்கையைப் போல ஒரு தோற்குழாய். அதற்கு வால் என்றும் தும்பி என்றும் பெயர். அந்தத் தும்பியின் வாயைக் கட்டிய மெல்லிய கயிறு கீழ் உருளையின்மேல் ஓடும். வடமும் கயிறும் இரண்டும் நுகத்தடியில் வந்து முடிவதனால், மாடுகள் சரிவுத் தடத்தில் இறங்க இறங்கச் சால் நிறைந்து மேலேறும். தும்பியும் வாய் மேல்நோக்கியபடியே மடங்கி உடன் ஏறும். கிணற்றின் விளிம்பைத் தாண்டியதும் சால் மேல் உருளையை நோக்கிப் போக, தும்பியின் வாய் மாத்திரம் கீழ் உருளையால் தொட்டிப் பக்கம் இழுக்கப்பட்டு நீண்டு, நீர் தானாகவே கொட்டிவிடும். கவிழ்க்க ஓர் ஆளும் வேண்டாம், பிடிக்க ஒரு கையும் வேண்டாம். சாலை இறக்க வேண்டுமானால் மாடுகள் அதே சரிவில் பின்னோக்கி நடந்து ஏற வேண்டும். ஓட்டுகிறவர் இறக்கத்தில் வடத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். பார்க்கிறவனுக்கு அது சோம்பல் போலத் தோன்றும். உண்மையில் தம் உடம்பின் எடையையும் மாட்டின் பலத்தோடு கூட்டுகிறார் என்பது வடத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் விளங்கும்.

இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியத்தைப் புகழ்ந்தவர்கள் பலர். ஆனால் அதன் வரம்பைக் கணக்கிட்டுப் பார்ப்பதே கோடைத் தோட்டத்தைப் புரிந்துகொள்வதற்கு அதிகம் உதவும். சால் ஒன்றுக்கு 30 காலன் என்றும், நீர்மட்டம் முப்பது அடியில் உள்ள கிணற்றில் மணிக்கு ஐம்பது அறுபது சால் என்றும் வைத்துக்கொண்டால், விடியுமுன் பூட்டி வெயில் ஏறும்வரை இறைக்கும் ஐந்து ஆறு மணி நேரத்தில் ஒரு ஜோடி மாடு சுமார் 10,000 காலன் நீரைத் தொட்டியில் கொட்டும். இரண்டு அங்குல உயரம் நிற்கும்படி பாத்திகளில் பாய்ச்சினால் அது கால் ஏக்கரை நிறைக்கக் காணாது. நாலைந்து நாளைக்கு ஒரு தண்ணீர் கேட்கிற கத்தரியையும் மிளகாயையும் வைத்திருக்கிற குடியானவன், ஒரு ஜோடி மாட்டைக்கொண்டு கோடையில் காப்பாற்றக்கூடிய நிலம் ஏறக்குறைய ஒரு ஏக்கர் என்பது இதிலிருந்தே கிடைத்துவிடுகிறது. அதுவும் மாசி மாதத்துக் கணக்கு. பங்குனியில் நீர்மட்டம் பத்தடி இறங்கினால் மாடு ஒவ்வொரு சாலுக்கும் பத்தடி அதிகமாக இறங்கிப் பத்தடி அதிகமாகப் பின்னேற வேண்டும். ஒரு மணிக்கு விழும் சால் குறையும். சித்திரையில் கிணறு ஊறுகிற வேகமே மாட்டின் வேகத்துக்குப் பின்தங்கிவிட, நாலு சால் இறைத்து நாழிகை ஒன்று காத்திருக்க நேரும். செடிக்குத் தாகம் எவ்வளவுக்கெவ்வளவு மிகுந்ததோ அவ்வளவுக்கவ்வளவு நீர் சுருங்கியது. ஊரிலே தோட்டத்தை ஏக்கர் சொல்லி மதிப்பிடாமல், ஒற்றைக் கவலைக் கிணறு, இரட்டைக் கவலைக் கிணறு என்று கிணற்றைச் சொல்லி மதிப்பிட்டதற்கு இதுவே காரணம். பெண் கொடுக்க வந்தவர்களும் முதலில் எட்டிப் பார்த்தது கிணற்றைத்தான்.

இப்படி எண்ணி எண்ணிச் செலவிட வேண்டியிருந்த நீரில் முதல் பங்கு காய்கறிக்குப் போகவில்லை. ராகிக்கும் பருத்திக்கும் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும், மாட்டுக்கு வேண்டிய தீவனச் சோளத்துக்கும் பாய்ந்தது போக, காய்கறி என்பது பெரும்பாலும் வாய்க்கால் ஓரத்தில் பிறந்து வளர்ந்த வஸ்து. தொட்டியிலிருந்து பாத்திக்கு ஓடுகிற மண் வாய்க்கால் இரு கரைகளிலும் கசிந்துகொண்டேயிருக்கும் அல்லவா? அந்தக் கசிவை வீணாக்காமல் கரை நெடுக வெண்டையும் கொத்தவரையும் ஊன்றுவார்கள். தொட்டியடியில் ததும்பும் இடத்தில் கீரையும் சேம்பும். மாட்டுத்தொழுவத்துக் குப்பைமேட்டில் அரசாணி. தோட்டத்துக் குடிசையான சாளையின் கூரைமேல் சுரை. மீதி நீர் உள்ள வருஷங்களில் மாத்திரம் கத்தரிக்கென்று நாலு பாத்தி. ஆண்பிள்ளைகள் மடை திருப்பியதோடு சரி. எதை ஊன்றுவது, எந்தக் காயை விதைக்கு விடுவது, எதைப் பறித்து உறவுக்கு அனுப்புவது என்கிற சகல அதிகாரமும் ஸ்திரீகள் கையிலேயே இருந்தது. தோட்டத்துப் பருத்தி விற்ற பணம் அப்புச்சியின் மடிக்குப் போயிற்று. வாய்க்கால் கரை வெண்டைக்காயைச் சந்தையில் கொடுத்து வாங்கிய காசு பாட்டியாகிய அம்மிச்சியின் சுருக்குப்பையில் விழுந்தது. அதைக் கேட்கும் துணிவு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இருந்ததில்லை.

விதை விஷயத்தில் அம்மிச்சி காட்டிய கண்டிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பாயிருக்கிறது. செடியில் முதலில் காய்த்ததும் வேண்டாம், கடைசியில் காய்த்ததும் வேண்டாம்; நடுக்காப்பில் நல்ல வடிவாய் இறங்கிய காய் ஒன்றில் பழைய சேலைக் கிழிசலை முடிந்துவிட்டால், அது விதைக்காய் என்று அர்த்தம்; அப்புறம் பசியோடு வந்த பிள்ளையும் அதைத் தொடக்கூடாது. கத்தரிக்காய் மஞ்சள் பழுப்பாகிச் செடியிலேயே முற்றும். பீர்க்கும் சுரையும் காய்ந்து, குலுக்கினால் கலகலவென்று சப்திக்கும். வெள்ளரி, அரசாணி, பாகல் விதைகளைக் கழுவி, சாம்பலில் புரட்டி, பசுஞ்சாணத்தில் பதித்து, கிழக்கு பார்த்த சுவரில் வறட்டி தட்டுவதைப் போலத் தட்டிவிடுவார். வெயில் பட்டு அது சுவரோடு சுவராய் இறுகிப்போகும். பூச்சியும் அணுகாது, எலியும் மோப்பம் பிடிக்காது. மறு மாசியில் சுவரைச் சுரண்டினால் விதை. எங்கள் வீட்டுத் தானியக் குதிர் உள்ளே இருந்தது. விதைக் களஞ்சியமோ தெருவில் போகிற எவரும் காணும்படி வெளிச்சுவரில் இருந்தது.

இந்தத் தோட்டத்தின் வயது என்ன? தலைவியின் மேனியில் படர்ந்த பசலைக்குப் பீர்க்கம்பூவின் நிறத்தைச் சங்கப் புலவர்கள் உவமை காட்டியதிலிருந்து, அந்தக் கொடி அக்காலத்திலேயே வீட்டருகில் பழகிய கொடியென்று ஊகிக்கலாம். ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த வரகுண பாண்டியனுடைய அம்பாசமுத்திரத்துக் கல்வெட்டு, சுவாமிக்குப் படைக்க வேண்டிய அரிசி, நெய், தயிர், வாழைப்பழம் என்பவற்றோடு பொரிக்கறியையும் புளிங்கறியையும் அளவு சொல்லி விதிக்கிறது. சோழர் காலத்துக் கோயில் சாஸனங்களிலோ ‘கறியமுது’ என்னும் சொல் சலிக்கும் அளவுக்கு வருகிறது. ஆனால் பெரும்பாலான இடங்களில் எந்தக் காய் என்று பெயர் சொல்வதில்லை. அந்த மௌனத்தை நான் குறையாக நினைக்கவில்லை. எந்தப் பருவத்தில் எது காய்க்கிறதோ அதைக்கொண்டு கறி சமைப்பார்கள் என்பதை எல்லோரும் அறிந்திருந்த காலத்தில், கல்லில் வெட்டி அதைச் சொல்வானேன்? நீரிறைப்பதைப் பற்றி மாத்திரம் சாஸனங்கள் கண்டிப்பாகப் பேசுகின்றன. தானமாகக் கொடுத்த ஊரின் வாய்க்காலில் பிறர் கூடையால் நீர் இறைக்கவும் குற்றேற்றம் வைக்கவும் கூடாதென்று சோழர் செப்பேடுகள் விலக்குகின்றன. ஒரு கூடைத் தண்ணீரைக் கூட அரசாங்கம் எண்ணிப் பார்த்திருக்கிறது என்றால், அந்தக் கூடைத் தண்ணீரில் எவனோ ஓர் எளியவன் கொல்லையில் நாலு செடி வைத்திருந்தான் என்றுதானே அர்த்தம்?

காய்களின் பூர்வீகத்தைக் கல்வெட்டைக் காட்டிலும் தெளிவாகச் சொல்கிறவை இரண்டு: ஒன்று, அவற்றின் பெயர்கள், மற்றொன்று, பல வீடுகளில் இன்றும் அனுஷ்டிக்கப்படும் திதிச் சமையல். போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவந்து மேற்குக் கரையில் இறக்கிய காரமான காயொன்றுக்கு நம்மவர்கள் மிளகு போன்ற காய் என்று மிளகாய் எனப் பெயர் வைத்தார்கள்; மிளகின் பெயரை வாங்கிக்கொண்ட அது பிறகு மிளகையே அடுப்பங்கரையின் மூலைக்குத் தள்ளிவிட்டது. மணத்தக்காளி போன்ற நம்நாட்டுச் சிறுகனிகளுக்கு வழங்கிய பெயரைப் பின்னால் வந்த தக்காளி அபகரித்துக்கொண்டது. சமவெளி மாவட்டங்களில் பரங்கிக்காய் என்று சொல்லும்போதே அது பரங்கியரோடு வந்தது என்பது நாவில் ஒலிக்கிறது. கொங்குநாட்டில் அதற்கு அரசாணி என்று அழகான பெயர் சூட்டிவிட்டதால், வந்தேறி என்ற சுவடே தெரியாமல் அது கல்யாணப் பந்தி வரையில் நுழைந்துவிட்டது. திதியன்று மாத்திரம் இந்த மாயம் பலிப்பதில்லை. அன்றைக்கு மிளகாய் இல்லை, மிளகுதான். தக்காளி இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, முட்டைக்கோசு இல்லை. அவரை, புடல், பாகல், கொத்தவரை, வாழைக்காய், சேப்பங்கிழங்கு, பிரண்டை என்று இலையில் வருவனவெல்லாம் பழைய தோட்டத்துப் பிரஜைகள். பித்ருக்களுக்குப் பழகாத காயைப் படைக்கலாகாது என்கிற எண்ணமோ, வேறெந்தக் காரணமோ, நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின காய்கறிப் பட்டியல் ஒன்று புரோகிதர் உதவியால் நமக்கு ஏறக்குறைய அழியாமல் கிடைத்திருக்கிறது. தாவர சாஸ்திரிகள் இதைக் கவனிக்க வேண்டுமென்பது என் அபிப்பிராயம்.

‘இங்கிலீஷ் காய்’ என்று சந்தையில் வழங்கும் மற்றோர் இனத்தின் கதை இன்னும் சமீபத்தது. கோயமுத்தூர் ஜில்லாக் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819-ஆம் ஆண்டில் நீலகிரிக்கு ஏறி, உதகமண்டலத்தில் வீடு கட்டிக்கொண்டு, உருளைக்கிழங்கு முதலான ஐரோப்பியக் காய்களைப் பயிரிட்டார். கோடையிலும் குளிர்ந்த மலைமேல் விளைந்த காரட்டும் கோசும் மலைப்பாதை வழியே இறங்கிப் பட்டணத்துச் சந்தைகளைப் பிடித்துக்கொண்டன. கீழே, கத்திரி வெயிலில், மாட்டின் மூச்சைக் கொடுத்து வளர்த்த நாட்டுக்காய்க்கு அன்று முதல் ஒரு போட்டி ஏற்பட்டது.

இனிக் கிணற்றின் கதைக்குத் திரும்பலாம். திப்பு சுல்தான் வீழ்ந்த மறு வருஷம், 1800-இல், ராஜ்யத்தின் நிலைமையை நேரில் கண்டு எழுதும்படி கும்பினியாரால் அனுப்பப்பட்ட பிரான்சிஸ் புக்கானன் என்னும் வைத்தியர் கொங்குநாட்டின் வழியாகப் பிரயாணம் செய்தார். 1807-இல் லண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த அவருடைய பிரயாணக் குறிப்பில் கிணற்றுப் பாசனத் தோட்டங்களும் கவலையும் இடம்பெற்றிருக்கின்றன. ஊர்ஊராக நின்று கூலி, விதை, வரி, விளைச்சல் என்று விசாரித்த மனிதர் அவர். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின்னர் கிணறு என்றால் சர்க்காருக்கும் ஒரு மரியாதை பிறந்தது. 1883-ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம் ஒன்றின் கீழ்க் கிணறு வெட்டத் தக்காவி என்னும் சர்க்கார் கடன் கிடைத்தது. சொந்தச் செலவில் வெட்டிய கிணற்றுக்காக நிலத்தின் தீர்வையை ஏற்றுவதில்லை என்ற கொள்கையும் நிலைத்தது. 1887-இல் கோயமுத்தூர் ஜில்லாவைப் பற்றிய பெரிய நூலை எழுதிய பிரெடரிக் நிக்கல்சன், பிற்காலத்தில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்காக வாதாடியவர் ஆனதில் ஆச்சரியமில்லை. கருங்கற்பாறையை வெடிவைத்துப் பிளந்து நாற்பது ஐம்பதடி இறங்கும் கொங்கு விவசாயியின் கடன் பாரத்தைக் கண்ணால் கண்டவருக்கு வேறு யோசனை எப்படித் தோன்றும்? 1889-இல் இங்கிலாந்திலிருந்து வந்து தேசம் முழுவதும் சுற்றிய வோல்க்கர் என்ற ரசாயன நிபுணரும், இந்நாட்டு உழவனுக்குக் கற்றுக்கொடுக்க வந்த தாம் அவனிடம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்ததாக எண்ணும்படியான தொனியில், நீர் தூக்கும் சாதனங்களின் நுட்பத்தைப் பாராட்டி 1893-இல் அறிக்கை எழுதினார்.

இவர்கள் எல்லோரும் கிணற்றையும் மாட்டையும் கண்டார்கள். தோலைப் பற்றி அவ்வளவாகக் கவனித்தவர்கள் குறைவு. சால் இரும்பாக மாறியது பின்னாளில்தான். அதற்கு முன் சாலும் தோல், இரும்பு வந்த பின்னும் தும்பி தோல். அதைப் பதப்படுத்தித் தைத்து, கிழிந்தால் ஒட்டுப்போட்டு, விளக்கெண்ணெய் தடவி மிருதுவாக வைத்திருந்தவர்கள் மாதாரிக் குடும்பத்தார். வருஷக் கூலியாகத் தானியம் வாங்கிக்கொண்டு பண்ணையத்தில் இருந்த அவர்களே விடியுமுன் கவலை ஓட்டினார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களே கத்தரி நாற்றைப் பிடுங்கி நட்டார்கள். குடும்பத் தோட்டம் என்று நாம் சொல்லும்போது எந்தக் குடும்பம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. அவர்கள் கையால் தைத்த தோல் நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை அந்தக் கிணற்று நீரில் முங்கி எழுந்தது. அதனால் தீட்டு என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் அதே கிணற்றில் அவர்கள் தங்கள் குடத்தை இறக்க உரிமையில்லை. வாய்க்காலில் ஓடுகிற நீரைக் குனிந்து கையால் அள்ளிக் குடிக்கிற காட்சியை நானும் கண்டிருக்கிறேன். அப்போது அது எனக்கு இயற்கையான காரியமாகத் தோன்றியதை இப்போது நினைக்க வெட்கமாயிருக்கிறது.

கவலைக்குப் பாட்டும் உண்டு. ஏற்றம் இறைப்பவர் ஒருவர் பாடிய அடியைக் கேட்டு, அடுத்த அடி தெரியாமல் கம்பர் இரவெல்லாம் உறங்கவில்லை என்ற கதை பிரசித்தமானது. அதை நம்பினாலும் நம்பாவிட்டாலும் பாட்டின் பிரயோஜனம் என்னவோ கணக்குத்தான்: எத்தனை சால் விழுந்தது என்பதைப் பாட்டின் அடி எண்ணிக்கொண்டே போகும், மடை திருப்புகிறவன் தூரத்திலிருந்தே பாட்டைக் கேட்டுப் பாத்தியை மாற்றுவான்.

1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் வேலை செய்யத் தொடங்கியதும், அந்த மின்சாரம் கோயமுத்தூர் ஜில்லாவின் பஞ்சாலைகளுக்கு ஓடியதோடு நில்லாமல் கம்பம் கம்பமாகத் தோட்டங்களுக்கும் வந்தது. எங்கள் அப்புச்சியின் கிணற்றுக்கு அது வந்துசேர இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின. ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் ஒன்றைக் கிணற்றுக்குள் கட்டிய திட்டில் வைத்து, ஸ்விட்சை அழுத்திய அன்று, ஊரார் கிணற்றைச் சுற்றி நின்றார்கள். மூன்று அங்குலக் குழாயில் நீர் வந்து கொட்டிய வேகத்தில் மண் வாய்க்கால் இரண்டிடத்தில் உடைந்து போயிற்று. அதுகாறும் கசிவை நம்பிக் கரையில் நின்ற வெண்டைச் செடிகளில் பாதி வேரோடு பெயர்ந்தன. வாய்க்காலுக்குச் சிமென்ட் பூச வேண்டும் என்று அன்றே தீர்மானமாயிற்று. சிமென்ட் வாய்க்கால் கசிவதில்லை. கரையில் எதுவும் முளைப்பதும் இல்லை. காய்கறி வேண்டுமென்றால் இனி அதற்கென்று பாத்தி ஒதுக்க வேண்டும். பாத்தி ஒதுக்கினால் அதற்குக் கணக்கு உண்டு. கணக்கு என்று வந்தபோது அது அம்மிச்சியின் சுருக்குப்பையிலிருந்து அப்புச்சியின் மடிக்கு இடம் மாறிற்று. இதை யாரும் யோசித்துச் செய்யவில்லை.

நீருக்கு வரம்பில்லை என்று தோன்றிய அந்த வருஷங்களில் கோடைக் காய்கறி ஒரு வியாபாரப் பயிராக வளர்ந்தது. அரை ஏக்கர் தக்காளி, ஒரு ஏக்கர் கத்தரி, கல்கால் நட்டுக் கம்பி இழுத்த பந்தலில் பாகலும் புடலும் என்று விஸ்தீரணம் பெருகி, ஒட்டன்சத்திரம் போன்ற சந்தைகளிலிருந்து லாரி லாரியாகக் காய் கேரளத்துக்குப் போயிற்று. மின்சாரத்தின் விலையே இப்போது மாட்டுத்தீவனத்தின் ஸ்தானத்தை வகித்தது. 1970-இல் யூனிட்டுக்கு இரண்டு பைசா கட்டணம் ஏறியபோது நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1972-இல் ஆயிரக்கணக்கான மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து கோயமுத்தூர் நகர வீதிகளை அடைத்தார்கள். மாட்டைக் கவலையிலிருந்து அவிழ்த்துவிட்ட மின்சாரத்துக்காக, அவிழ்த்த மாட்டையே வண்டியில் பூட்டிக்கொண்டு போக நேர்ந்ததைப் பற்றி அப்போது எவராவது சிரித்தார்களா என்று தெரியவில்லை. 1990-ஐ ஒட்டி விவசாயப் பம்புகளுக்கு மின்சாரம் இலவசமே ஆயிற்று. கிணற்றின் நீர்மட்டம் மோட்டாருக்குப் பயந்து இறங்க, ஆழ்துளைக் கிணறு அதைத் துரத்திக்கொண்டு அறுநூறு அடி, எண்ணூறு அடி, ஆயிரம் அடி என்று போயிற்று. முன்பு சித்திரையில் ‘போதும், நிறுத்து’ என்று சொல்ல மாடு இருந்தது. அது நுரை தள்ளி நின்றுவிட்டால் மனிதனும் நிற்கத்தான் வேண்டும். மோட்டார் நுரை தள்ளுவதில்லை. அதன் கம்பிச்சுருள் எரிந்துபோகிறது. மறுநாள் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

நான் கவலைக் காலம் திரும்ப வேண்டும் என்று விரும்புகிறவனல்லன். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மாட்டின் பின்னால் முன்னும் பின்னுமாக நடந்த கால்களின் வலியை, வடத்தில் வேடிக்கைக்கு உட்கார்ந்த பையன் எப்படி அறிவான்? ஆயினும் சென்ற பங்குனியில் மாமன் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு காரியத்தைக் கண்டேன். கிணறு வற்றி முள்மண்டிக் கிடக்கிறது. சரிவுத் தடத்தில் மண் தள்ளி மேடாக்கிவிட்டார்கள். கவலையின் கருங்கல் கால்கள் இரண்டையும் பெயர்த்து, வீட்டுப் புழக்கடையில் நட்டு, குறுக்கே மூங்கில் போட்டு அத்தை புடலைப் பந்தல் கட்டியிருந்தார். பாத்திரம் கழுவுகிற நீர் அங்கே போய் நிற்கும். அந்த நீரில்தான் கொடி. ஒரு முழத்துக்கு இறங்கிய பிஞ்சுகள் பாம்புபோல் வளையத் தொடங்கியிருந்தன. நேராக இறங்க வேண்டுமானால் நுனியில் கூழாங்கல் கட்டவேண்டும் என்பது அம்மிச்சி காலத்துப் பழக்கம். அத்தை முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு வந்து, வாழைநாரால் ஒவ்வொரு பிஞ்சிலும் பதமாகக் கட்டினார். கிட்டப் போய்ப் பார்த்தேன். எரிந்துபோன மோட்டாரைக் கழற்றியபோது மிஞ்சிய இரும்பு நட்டுகள், எட்டோ பத்தோ, ஒரே எடையில்.

“கல்லு கட்டலையா, அத்தை?” என்றேன்.

“அந்தக் கல்லைத் தேடிக்கிட்டு ஆரு போறது, கண்ணு? இது ஒரே அளவா இருக்குது பாரு” என்று சொல்லிவிட்டு, அடுத்த பிஞ்சுக்குப் போனார்.